முத்துக்குளித்துறை வரலாறு (31): கால்டுவெல் கல்லூரி ஏன் நிலைக்கவில்லை?

1876இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டதையும், அதன் பிறகு பஞ்சு மூட்டைகளும் கொழும்புக்குக் கப்பலேறும் ஆட்களுமாக ஊர் பெருத்ததையும் சென்ற இதழ்களில் பார்த்தோம். அந்தப் பெருக்கத்தின் நடுவே 1883இல் இந்த ஊருக்கு ஒரு கல்லூரியும் வந்து சேர்ந்தது. சாயர்புரத்துப் பனங்காட்டில் நாற்பது ஆண்டுகளாக எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்க மிஷன் சபையார் நடத்திவந்த உயர்கல்விக்கூடத்தைப் பெயர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அதற்குக் கால்டுவெல் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கு உரியவர் அப்போது உயிரோடு இருந்தார். பிஷப் கால்டுவெல் அதே ஆண்டில்தான் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிவந்திருந்தார். துறைமுகம், ரயில், வியாபாரிகளின் பணம், தென்னாட்டிலேயே பேர்பெற்ற ஓர் அறிஞரின் நிழல் என்று ஒரு கல்லூரிக்கு வேண்டியவை எல்லாம் கூடியிருந்ததாகத்தான் தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கல்லூரி வகுப்புகள் நின்றுபோயின. உயர்நிலைப் பள்ளி மட்டும் மிஞ்சியது. அது இன்றும் கால்டுவெல் பெயரில் நடக்கிறது. அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தூத்துக்குடிக்குக் கல்லூரி கிடையாது. மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கடலும் கப்பலும் இல்லாத பாளையங்கோட்டை அந்தக் காலத்தில்தான் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டது.

இந்த இதழின் கேள்வி அதுதான்: வசதி இருந்த ஊரில் நிலைக்காத கல்லூரிப் பெருமை, அது இல்லாத ஊரில் எப்படி வேர் பிடித்தது? கல்லூரியின் மதிப்பு வகுப்பறையில் உண்டாகிறது என்று நாம் பொதுவாக நம்புகிறோம். நல்ல ஆசிரியர், நல்ல நூலகம், ஒழுங்கான நிர்வாகம் என்று காரணம் சொல்கிறோம். முத்துக்குளித்துறையின் நானூறு ஆண்டுச் செய்திகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு கல்லூரிக்குப் பையன்களை அனுப்பும் பள்ளிகள் ஒரு பக்கம், படித்து முடித்தவர்களை எடுத்துக்கொள்ளும் வேலைகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் அது எவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதன் மதிப்பு. அனுப்பும் பக்கமோ எடுத்துக்கொள்ளும் பக்கமோ வேறிடம் போனால், கட்டடமும் பெயரும் இருந்த இடத்திலேயே இருக்க, மதிப்பு மட்டும் கிளம்பிப் போய்விடுகிறது. அப்படிப் போனது ஊருக்குத் தெரியச் சில காலம் பிடிக்கும். அதனால்தான் மூடிப்போன கல்லூரிகளுக்கு, மூடிய பிறகு, புகழ் கூடுவதையும் பார்க்கிறோம்.

முதலில் புன்னைக்காயல். தாமிரபரணி கொட்டும் வண்டல் கொற்கையைத் தூர்த்தது. பிறகு மார்க்கோ போலோ பார்த்த காயலைத் தூர்த்தது. கப்பல்கள் புன்னைக்காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தன. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் புன்னைக்காயல்தான் போர்த்துக்கீசியருக்கு இந்தக் கரையின் தலைமை இடம். அங்கே இருந்துகொண்டுதான் ஏசு சபையைச் சேர்ந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார், பின்னால் வந்த பாதிரிமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’மும், 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ம் அவர் உழைப்பு. ஐரோப்பியர் தமிழ் படிக்க வேண்டுமானால் வரவேண்டிய இடம் என்ற பேர் அன்று ஒரு மீனவ ஊருக்கு இருந்தது. அன்ரிக்கஸ் 1600இல் காலமானார். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார் கரையில் வெளிப்படையாக இயங்க முடியாமல் போனபோது, அங்கே தமிழ் கற்று வெளியே போகிறவர்களுக்கு உரிய வேலையும் போயிற்று. கற்பித்த அறிவில் பிழை இல்லை. அந்த அறிவைக் கேட்டு வாங்கிய அரசுதான் மாறிவிட்டது.

சாயர்புரத்தின் கதை இதைவிடத் தெளிவானது. ஜி.யு. போப் 1842இல் அங்கே வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த பெரியவரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காலம் பிடிபடாது. சுற்றிலும் தேரி மணலும் பனையும். பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. அங்கே அவர் தொடங்கிய பயிற்சிக்கூடம் கிரேக்கம், இலத்தீன் வரை போதித்த இடம் என்று பேர் வாங்கியது. அது நாற்பது ஆண்டு நிலைத்ததற்குப் போப்பின் கண்டிப்பைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அவர் பத்தாண்டுகூட முழுதாக அங்கே இல்லை. தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று போய்விட்டார். நிலைத்ததற்குக் காரணம் வேறு. முதலூர், நாசரேத், இடையன்குடி என்று சபைக்குச் சொந்தமான ஊர்ப் பள்ளிகள் பையன்களை அனுப்பின. படித்து முடித்தவர்களை உபதேசியாராகவும் ஆசிரியராகவும் குருவாகவும் அதே சபை எடுத்துக்கொண்டது. அனுப்புவதும் எடுத்துக்கொள்வதும் ஒரே கையில் இருந்ததால் இருக்கிற இடம் பனங்காடானாலும் பாதகமில்லை.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் அந்தக் கை தளர்ந்தது. இனிமேல் படிப்பின் அளவுகோலைச் சபை தீர்மானிக்கவில்லை, மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிகள் வந்துவிட்டன. எஃப்.ஏ. வரை நடத்தினால் இரண்டாம் தரக் கல்லூரி, பி.ஏ. வரை நடத்தினால் முதல் தரக் கல்லூரி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முதல் முன்சீப் வரை எந்த வேலைக்கு எந்தப் படி தேவை என்பது ஊரில் எல்லோருக்கும் அத்துபடியாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், இந்த மாற்றத்தின் விசித்திரமான ஒரு காட்சி நடந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சம்பள வேலைக்குத்தான் போகிறார்கள், சபை ஊழியத்துக்கு வருவதில்லை என்பது மூடியவர்களின் குறை. மூடிய சில ஆண்டுகளுக்குள், அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். வட்டுக்கோட்டையின் பேர் உச்சத்துக்குப் போனபோது அங்கே வகுப்பு நடக்கவில்லை. பின்னால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே இடத்தில் எழுந்ததற்கு, அந்தத் தாமதமாக வந்த புகழ்தான் பாதி முதல்.

இந்தப் பின்னணியில்தான் சாயர்புரத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றியதைப் பார்க்க வேண்டும். பட்டப் படிப்பு என்றால் சபைப் பிள்ளைகள் மட்டும் போதாது. கட்டணம் கட்டிப் படிக்கும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் வேண்டும். அவர்கள் ரயில் இருக்கும் ஊரில் கிடைப்பார்கள். கணக்கு தவறில்லை. ஆனால் ரயில் இரண்டு பக்கமும் ஓடும். அதே காலத்தில், 1878ஐ ஒட்டி, திருநெல்வேலியில் இந்துக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். என்ற மற்றோர் ஆங்கிலிக்க மிஷன் சபையாரின் கல்லூரியும் எழுந்துவிட்டன. கலெக்டர் கச்சேரி, ஜில்லா கோர்ட்டு, வக்கீல்மார், அவர்களிடம் பழகும் குமாஸ்தாக்கள், போதனாமுறைப் பள்ளிகள் எல்லாம் அந்தப் பக்கம். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்துக்குள் ஓர் ஊர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வ.உ. சிதம்பரம் பிள்ளையின் படிப்பு போன பாதையைப் பாருங்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் சேவியர், கால்டுவெல் பள்ளிகளில் படித்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குப் போய், தாலுகா ஆபீஸில் கொஞ்ச நாள் குமாஸ்தாவாக இருந்து, திருச்சிராப்பள்ளியில் சட்டம் படித்து 1894இல் வக்கீலானார். தூத்துக்குடி அவருக்குப் பள்ளிக்கூடம் தந்தது, பின்னால் அரசியல் களமும் தந்தது. இடையில் வரவேண்டிய படிகள் எல்லாம் வேறு ஊர்களில்.

இன்னொன்றும் இருக்கிறது. 1877இல் சி.எம்.எஸ். சபைக்குச் சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. சபைக்குக் கால்டுவெல் என்று ஒரே நாளில் இரண்டு துணைப் பிஷப்புமார் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். ஒரு ஜில்லாவுக்கு இரண்டு பிஷப் என்றால் இரண்டு கல்லூரி வேண்டியதுதான் என்பது அன்றைய நியாயம். சார்ஜென்ட் 1889இலும் கால்டுவெல் 1891இலும் மறைந்தார்கள். 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாகி, மோர்லி என்ற ஒரே பிஷப்பின் கீழ் வந்தது. ஒரே திருச்சபைக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு கல்லூரிகளுக்கு இடமில்லாமல் போயிற்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மிஷன் சபைகளுக்குப் பணம் போதவில்லை, அதனால் மூடினார்கள். இதில் மதிப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். பணத்தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு வரும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது எது? கட்டணம் கட்டும் மாணவர் எங்கே சேர்கிறாரோ அதை வைத்துக்கொள்கிறார்கள். அதே எஸ்.பி.ஜி. சபையார் திருச்சியில் நடத்திய பிஷப் ஹீபர் கல்லூரி இன்னும் நாற்பது ஆண்டு தாக்குப் பிடித்தது. 1930களில்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியோடு கலந்து தாம்பரத்தில் ஒரு விடுதியின் பெயராகச் சுருங்கியது. 1966இல் திருச்சியில் மறுபடி உயிர்பெற்றது. கத்தோலிக்கர் பக்கமும் ஒரு சான்று உண்டு. தூத்துக்குடிக்குச் சாயர்புரம் வந்த அதே 1883இல், நாகப்பட்டினத் துறைமுகத்தில் 1844 முதல் நடந்துவந்த புனித சூசையப்பர் கல்லூரியை ஏசு சபையார் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு சபை கடற்கரையை நோக்கி வந்தது, ஒரு சபை கடற்கரையை விட்டுப் போனது. போனவர்கள் பிழைத்தார்கள். ரயில்கள் கூடுமிடம், கச்சேரிகள் இருக்குமிடம், சுற்றிலும் பல ஜில்லாக்களின் பள்ளிகள். திருச்சிக்கு இவை இருந்தன, நாகைக்கு இல்லை.

அப்படியானால் பெரிய ஆசான்களுக்கு மதிப்பே இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ 1856இலேயே வெளிவந்துவிட்டது; கால்டுவெல் தூத்துக்குடிக்கு வந்தபோது அவர் புகழ் முற்றியிருந்தது. ஓர் ஆளின் பெயர் ஒரு கல்லூரியைத் தூக்கி நிறுத்த முடியுமென்றால், அது 1883இல் இங்கே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஆசான்கள் உண்மையில் செய்வது வேறொரு வேலை. அவர்களிடம் படித்தவர்கள் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியர்களாகி, தங்கள் மாணவர்களில் கெட்டிக்காரர்களைத் தாங்கள் படித்த இடத்துக்கே அனுப்புகிறார்கள். இந்தச் சுற்று ஒருமுறை முழுமையாவதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை ஆகும். பாளையங்கோட்டைக்கு அந்த அவகாசம் கிடைத்தது: சாரா டக்கர் பள்ளி 1895இல் பெண்கள் கல்லூரியானது, 1923இல் புனித சவேரியார் கல்லூரி வந்தது, ஒவ்வொன்றும் மற்றதற்குப் பள்ளி ஆசிரியர்களையும் மாணவர்களையும் பெருக்கியது. கால்டுவெல் கல்லூரிக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் கிடைத்தது. சாயர்புரத்துக்கோ நாற்பது ஆண்டு கிடைத்திருந்தது. கல்லூரியைப் பறிகொடுத்த அந்தச் சிற்றூரில் 1962இல் போப் கல்லூரி எழுந்தது என்றால், எழுபத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பேரை ஆசிரியர் குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருந்தன என்றுதான் கொள்ள வேண்டும்.

ஊர் வியாபாரிகள் ஏன் கல்லூரி கட்டவில்லை என்று தூத்துக்குடிக்காரர்களைக் குறை சொல்வது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். 1888இல் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் வந்தது. பஞ்சுப் பேட்டைகள், சங்கு, உப்பு, கொழும்புக் கடைகள் என்று பணம் புழங்கியது. அந்தப் பணம் எதுவும் பி.ஏ. பட்டத்தைக் கேட்கவில்லை. பையன் கணக்குப் பிள்ளையின் பக்கத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தால் தொழில் தெரிந்துவிடும். கொழும்பில் மாமன் கடையில் நின்றால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போகத் தொடங்கியபோதுகூடச் சரக்கு இங்கேயே இருந்தது. ஊர்ப் பெரியவர்களின் கவலையும் வேறாக இருந்தது. நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து பாடுபட்டது குடிதண்ணீருக்காக. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் ஊருக்கு வந்தது 1927இல். தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடித்த ஊரில் நூற்றுக்கணக்கான பையன்களை விடுதியில் வைத்துச் சமாளிப்பது லேசான காரியம் அல்ல. பாளையங்கோட்டைக்கு ஆறு பக்கத்திலேயே ஓடியது. வரலாற்றாசிரியர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும்.

மறுபடி கல்லூரி வந்தபோது அது பெண்களுக்காக வந்தது என்பது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கன்னியர் நடத்தும் புனித மரியன்னை கல்லூரி 1948இல்; ஏ.பி.சி. வீரபாகு முன்னின்று எழுப்பிய வ.உ.சி. கல்லூரி 1951இல். பையன்களைப் பாளையங்கோட்டை விடுதியில் சேர்த்துவிட்டுத் தூத்துக்குடிக் குடும்பங்கள் நிம்மதியாக இருந்தன. பெண் பிள்ளைகளை அப்படி அனுப்பத் தயங்கின. ஆகவே வெளியூர் மதிப்போடு போட்டியிட வேண்டிய அவசியம் இல்லாத ஒரே கல்வி, பெண் கல்வி. அங்கே இடம் காலியாக இருந்தது, முதலில் நிரம்பியது. 1950களுக்குப் பிறகு பள்ளிகள் பெருகின, இலவசக் கல்வி பரவியது, அரசு வேலைகளுக்குப் பட்டம் பொதுவான தகுதியானது. பையன்களை அனுப்பும் பக்கம் திடீரென்று அகலமாயிற்று. அதனால்தான் 1965இல் திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி, 1966இல் தூத்துக்குடியில் காமராஜ் கல்லூரி என்று அடுத்தடுத்து வந்தும் எல்லாம் நின்றன. கால்டுவெல் கல்லூரிக்குக் கிடைக்காத காலம் இவற்றுக்குக் கிடைத்தது. 1980களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் திறந்தபோது (கோவில்பட்டியில் நேஷனல் கல்லூரி, 1984) கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன்கள் கலைக் கல்லூரிகளை விட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பொறியியல் இடங்கள் காலியாகக் கிடக்க, பி.காம். இடத்துக்கு அலைகிறார்கள். இந்த இரண்டு திருப்பங்களிலும் ஆசிரியர்களின் தரம் ஒரே இரவில் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

இப்போது தரவரிசைப் பட்டியல்கள் வந்துவிட்டனவே, வதந்தியையும் வழக்கத்தையும் விட எண்கள் நம்பகமானவை அல்லவா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில், கல்லூரியைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே நூற்றுக்குப் பத்து மதிப்பெண். அதாவது பழைய பேர், புதிய பேரைக் கணக்கிடும் சூத்திரத்துக்குள்ளேயே ஒரு உறுப்பாக இருக்கிறது. மற்ற அளவுகளில் பலவும், மாணவர் எண்ணிக்கை, முடித்தவர்களின் வேலை, மேற்படிப்பு என்று, நான் சொன்ன இரண்டு பக்கங்களைத்தான் வேறு பெயரில் எண்ணுகின்றன. பட்டியலைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. வட்டுக்கோட்டையை 1858இல் ஒருவர் பட்டியலிட்டிருந்தால் அது மேலே வந்திருக்கும், மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தபோதிலும்.

இந்தக் கரைக்கே உரிய கல்லூரி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் மீன்வளப் பட்டப் படிப்புக்கு நெடுநாள் அது ஒன்றுதான் இடம். மங்களூரில் 1969இல் வந்த கல்லூரிக்குப் பிறகு, தென்னகத்தில் மீன்துறை அதிகாரியாக விரும்புகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டிய ஊராகத் தூத்துக்குடி ஆயிற்று. சாயர்புரத்தைப் போலவே இங்கும் முடித்தவர்களை எடுத்துக்கொள்ளும் வேலை கண்ணுக்கெதிரே இருந்தது: மீன்துறை, ஏற்றுமதி நிறுவனங்கள், இறால் பண்ணைகள், ஆராய்ச்சி நிலையங்கள். முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழும், 1989 முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்தது. 2012இல் மீன்வளத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைத்தபோது, அதன் தலைமை இடம் தூத்துக்குடிக்கு வரவில்லை. 1883இல் தன் கல்லூரியைத் திருச்சிக்கு விட்டுக்கொடுத்த நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. மூத்த கல்லூரி இங்கே, பல்கலைக்கழகப் பலகை அங்கே. சுற்றுவட்டாரப் பள்ளிகளும் வேலைகளும் இந்தப் பக்கம் இருக்கும்வரை அதனால் பெரிய இழப்பு இராது என்பது என் கணிப்பு. அந்த இரண்டும் எப்போது நகரும் என்பதை 1883இன் ஆட்கள் கண்டுகொள்ளவில்லை, நாமும் எளிதில் கண்டுகொள்ள மாட்டோம். மீன்வளக் கல்லூரி தொடங்குவதற்கு நான்கு ஆண்டு முன்பு, முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிருந்த இதே கரையில், மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது எப்படி நடந்தது, ஏன் தொழிலாகப் பெருகவில்லை என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)